கைத்தொழில் உண்டு, காகிதம் இல்லை

சுவரை வெட்டிக் குழாய் பதிப்பது முதல் சுவிட்ச் பெட்டி பொருத்துவது வரை எல்லாம் தெரியும். பள்ளிப் படிப்புதான் பாதியில் நின்றது. இப்படிப்பட்ட எலக்ட்ரீஷியன்கள் தமிழகத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்கும் அரசுச் சான்று கிடைக்க வழி செய்வது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த அனுபவத்தை எழுத்தில் காட்டுவது எப்படி? இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொரு ஒப்பந்ததாரர் என்று தினக்கூலிக்குப் போனவருக்கு யார் சான்று எழுதித் தருவார்? கூலியையே துண்டுச்சீட்டில் கணக்குப் பார்க்கிறவர்கள் லெட்டர்பேடில் கையெழுத்துப் போடுவார்களா என்ன!

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்ட உறுப்பினர் அட்டையையே போதிய ஆதாரமாக ஏற்கலாம். மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறன் திட்டம், பழகிய கைக்குச் சோதனை வைத்துச் சான்று தரும் முறையை ஏற்றிருக்கிறது. அதே போக்கில் இங்கும் எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். தேர்வுக்காக இழக்கும் கூலியையும் வாரியமே கொடுத்துவிடட்டும்.