தையல் ஏன் போடவில்லை?

என் தங்கை மகள் எங்களோடு தங்கி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளுக்கு அக்குளில் கட்டி. லீவு போட்டால் சம்பளம் போகுமே என்று ஐந்து நாள் வாயே திறக்கவில்லை. அமுக்கி வேறு பார்த்திருக்கிறாள்! ஆறாம் நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கையைத் தூக்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் மட்டும் என்ன? மஞ்சள் பற்றுப் போடத்தான் அடுப்பை மூட்டினேன். இவர்தான் அதட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, "சீழ் கோத்துவிட்டது. சுற்றிலும் சுவர் மாதிரி கட்டியிருக்கும், வெறும் மாத்திரை உள்ளே போய்ச் சேராது. கீறித்தான் ஆகணும்" என்றார். பெண் நடுங்கிவிட்டாள். கத்தி வைத்தியம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பார் என் மாமியார். எங்கள் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போய்ப் பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் கல்வெட்டில், 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கை ஆஸ்பத்திரியும், சல்லியக்கிரியை என்னும் அறுவை வைத்தியத்துக்குத் தனி ஆளும் இருந்த செய்தி இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அவளைப் படுக்க வைத்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். சீழ் பிடித்த இடத்தில் அது முழுசாக வேலை செய்யாதாம், கொஞ்சம் அலறினாள். சீழை வடித்துக் கழுவி, காஜ் நாடாவைத் தளர்வாக உள்ளே வைத்துக் கட்டினார்கள்.

ராத்திரி தங்கை போனில் அழுதாள். "அக்கா, ஓட்டையை அப்படியேவா விட்டுட்டாங்க? தையல் போடலையா?" எனக்கும் அதே சந்தேகம்தான். மறுநாள் கேட்டேன். மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் அடியில் திரும்பவும் சீழ் கட்டுமாம். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். அதுவரை வாய் மூடாதிருக்கத்தான் அந்த நாடா.

இரண்டு நாளில் நாடாவை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நான்தான் நர்ஸ்! கட்டு மாற்ற அரைமணி முன்னால், டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான தண்ணீரால் புண்ணை அலசி, புதுக் கட்டு. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் கூடாது. அவள் துண்டு தனி. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் திரும்பினாலோ உடனே வரச் சொன்னார். சர்க்கரையும் பார்த்தார்கள், நல்லவேளை, இல்லை. முட்டை கூடாது என்றாள் பக்கத்து வீட்டம்மாள். டாக்டரம்மாவோ தினம் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

மூன்றாம் வாரம் குழி தூர்ந்துவிட்டது. இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து நாள் வலியை மறைத்தாளே, அசடு!