மாத்திரைக்குள் ஒரு திரவப் படிகம்: ஹைதராபாத் இதை ஏன் கவனிக்கணும்?

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டை எப்போதாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? மருந்தின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘ஹைட்ராக்ஸிபுரொபைல் செல்லுலோஸ்’ என்று ஒன்று இருக்கலாம். மருந்துத் தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை அது. மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ எடுத்த செல்லுலோஸில் வேதிமாற்றம் செய்து தயாரிப்பது. பல பத்தாண்டுகளாக நாம் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

அதே வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால், அதாவது 100 கிராம் கலவையில் 60 முதல் 70 கிராம் வரை தூள் இருந்தால், கலவை மயில் கழுத்து மாதிரி மின்னும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. அளவைக் கூட்டினால் நீலம், குறைத்தால் பச்சை, இன்னும் குறைத்தால் சிவப்பு.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1976-ல் வெர்போவிஜ், கிரே என்ற இருவர் இதைப் பதிவு செய்தார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு இதைப் பற்றி இப்போது ஏன் பேசணும்? சாயமும் பிளாஸ்டிக்கும் இல்லாத நிறத்துக்கு இப்போதுதான் சந்தையில் ஒரு தேவை வந்திருக்கிறது.

சாயம் இல்லாமல் நிறம் எப்படி வருது?

திரவப் படிகம் என்றால் உங்களுக்கு எல்சிடி திரை ஞாபகம் வரும். திரவம் போல ஓடும், ஆனால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் படிகம் போல ஓர் ஒழுங்கில் நிற்கும். செல்லுலோஸில் அந்த ஒழுங்கு சுழல் படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கும். முழுச் சுற்று முடிய ஆகும் உயரம் சில நூறு நானோமீட்டராக இருந்தால், அது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தோடு பொருந்திப்போகும். அந்த நிறம் மட்டும் திரும்பி வரும்.

ஆகவே படிக்கட்டை அழுத்தினால் நிறம் நீலத்தை நோக்கி நகரும். சூடாக்கினால் இந்தக் கலவை சிவப்பை நோக்கி நகரும். பேட்டரி இல்லாமல் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் பட்டைகளை ஆய்வகங்கள் செய்துபார்ப்பது இதை வைத்துத்தான்.

இன்னொரு வகையும் உண்டு: செல்லுலோஸ் நானோபடிகம். பஞ்சையோ கூழையோ சுமார் 64 சதவீத கந்தக அமிலத்தில் கரைய விட்டால், ஒழுங்கற்ற பகுதிகள் அழிந்து, நூறு முதல் சில நூறு நானோமீட்டர் நீளமுள்ள குச்சிகள் மிஞ்சும். தண்ணீரில் விட்டு மெல்ல உலர்த்தினால் அவை தாங்களாகவே சுழலாக அடுக்கிக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜில் சில்வியா விக்னோலினியின் குழு 2021-ல் இப்படி உருவான படலத்தைச் சுருள் சுருளாக இழுத்து, பொடியாக்கி, மினுமினுப்புத் தூளாக்கிக் காட்டியது. பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு போட்டதும், இந்த ஆய்வின் மேல் கவனம் கூடியது.

சரி, ஹைதராபாத் எங்கே வருது?

மூன்று பக்கமிருந்து வருது.

ஒன்று, மருந்து. தெலங்கானா அரசு சொல்லும் கணக்குப்படி நாட்டின் மருந்து உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த மாநிலத்துடையது. மாத்திரை உறைக்கு வெண்மை தருவது பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு. ஐரோப்பா 2022-ல் உணவில் அதற்குத் தடை போட்டது. மருந்தில் இன்னும் அனுமதி இருக்கிறது, ஆனாலும் மாற்று தேடும் வேலை நிற்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கம்: சுழல் ஒழுங்கு நிறத்தைத்தான் தரும், வெண்மையைத் தராது. வெண்மை வேண்டுமென்றால் செல்லுலோஸ் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கணும். ‘டைட்டானியத்துக்குப் பதில் திரவப் படிகம்’ என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதீங்க.

எனக்கு இதைவிட உருப்படியாகத் தெரிவது போலி மருந்துப் பிரச்சினை. 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூஆர் கோடு கட்டாயம். ஆனால் அச்சடித்த கோடை நகலெடுக்கலாம். நானோபடிகப் படலம் திருப்பி அனுப்பும் ஒளி ஒரே திசையில், இடது பக்கமாகச் சுழலும். தியேட்டரில் தரும் 3டி கண்ணாடியில், சுழல் முனைவாக்கம் செய்யும் வகை ஒன்று இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்தால் ஒரு கண்ணுக்கு நிறம் பளிச்சென்று தெரியும், இன்னொரு கண்ணுக்கு மங்கிவிடும். சாதாரண மையில் இந்த வித்தை நடக்காது. மாத்திரையில் ஏற்கெனவே செல்லுலோஸ் இருப்பதால் பொருளும் அந்நியம் இல்லை. ஆனால் புது வடிவத்துக்குப் புதுப் பாதுகாப்புச் சோதனை வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது.

இரண்டாவது, கச்சாப்பொருள். பருத்தி சாகுபடியில் முன்னணியில் இருக்கும் மாநிலங்களில் தெலங்கானா ஒன்று. அறுவடை முடிந்ததும் செடியின் குச்சிகளைப் பல இடங்களில் வயலிலேயே எரிக்கிறார்கள். மும்பையில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான ‘சிர்காட்’ நானோசெல்லுலோஸுக்கு ஒரு முன்னோடி ஆலையே வைத்திருக்கிறது. காகஸ்நகரின் சிர்பூர் காகித ஆலை 2014-ல் மூடப்பட்டு, 2018-ல் ஜேகே பேப்பர் கைக்குப் போய் மறுபடி ஓடியது. கனடாவிலும் காகிதத் தொழில் தளர்ந்த காலத்தில்தான், கியூபெக்கில் நாளுக்கு ஒரு டன் நானோபடிகம் தயாரிக்கும் ஆலை 2012-ல் வந்தது. கூழ் விற்றவர்கள், அதே கூழிலிருந்து விலை கூடிய பொருளுக்குப் போனார்கள்.

மூன்றாவது, ஆட்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று 1977-ல் உலகுக்கே முதலில் காட்டியது பெங்களூரில் எஸ். சந்திரசேகரின் குழு (அவர் சர் சி. வி. ராமனின் மருமகன் முறை). ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சுரஜித் தாரா திரவப் படிக ஆய்வுக்காக 2020-ன் பட்நாகர் விருதைப் பெற்றவர். அவருடையது செல்லுலோஸ் வேலை இல்லை. ஆனால் தேவைப்படும் இயற்பியல் அதே ஊரில் இருக்கிறது.

தடை எது?

தண்ணீர், நேரம், அமிலம். உலர்ந்த படலம் ஈரம் பட்டால் உப்பும், வளைத்தால் உடையும். வேகமாக உலர்த்தினால் சுழல் ஒழுங்காக அமையாது. நல்ல நிறத்துக்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்கணும். பயன்படுத்திய கந்தக அமிலத்தை மீட்காவிட்டால், ‘இயற்கைப் பொருள்’ என்ற பெயரில் அமிலக் கழிவுதான் வெளியே போகும். பட்டன்சேரு பக்கம் ஆலைக் கழிவால் ஏரிகளும் நிலத்தடி நீரும் கெட்ட கதை ஹைதராபாத்வாசிகளுக்குத் தெரியும்.

நீங்கள் மருந்து, பேக்கேஜிங், முதலீடு ஆகிய துறைகளில் இருந்து, இப்படியொரு ஸ்டார்ட்அப் உங்கள் முன்னால் ஸ்லைடு போட்டால், நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணி நேரம் உலர்த்துகிறீர்கள், அமிலத்தில் எவ்வளவு திரும்ப வருது என்று கேளுங்கள்.