பந்தலை மேற்கே போடுங்கள்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் வாசலில் அழகுக்கு ஒரு பந்தல் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால், நைட் ஷிப்ட் முடித்துவந்து பகலில் படுக்கிற பிள்ளைக்கு அதனால் என்ன லாபம், சொல்லுங்கள்? மத்தியானம் 2 மணிக்கு மேல் கொதிப்பது மேற்குச் சுவர்தானே! 'தூக்கமே வரலை டாக்டர்' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, படுக்கையறை எந்தப் பக்கம் என்றுதான். மருந்தெல்லாம் அப்புறம்.

மேற்குச் சுவரிலிருந்து 2 அடி தள்ளிப் பந்தல் போட்டு, பீர்க்கோ கோவையோ ஏற்றுங்கள். சுவரும் ஓதமேறாது, காற்றும் புகுந்து வரும். கூரையில் மட்டும் படர்ந்தால் போதாது. சாய்வெயிலைத் தடுக்கக் கொடி பக்கவாட்டிலும் தொங்கணும். ஓரமாய் முசுமுசுக்கை இருந்தால் இருமலுக்கு அடை ஆச்சு. கிழக்கை மறைக்காதீர்கள். பந்தலடியில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தும் வைக்காதீர்கள். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், தூங்குகிறவரை விடுமா?