ராத்திரி டூட்டி சிஸ்டர் எழுதிக்கொள்வது

சத்திரம் பேருந்து நிலையம்,
திருச்சி – 2.

முதியோர் இல்லம் நடத்தும் நிர்வாகி ஐயா அவர்களுக்கு,

உங்கள் இல்லத்தின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் பேச்சு உங்களோடு முடிந்துவிடும். இதே வேலையை இதே மாதிரி வாங்குகிற மற்றவர்கள், 'நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை' என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நான் உங்களிடம் வந்து சேர்ந்தது சத்திரம் பஸ் ஸ்டாண்டுத் தூண் ஒன்றில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான். துறையூர், முசிறி, லால்குடிப் பக்கத்துப் பெண்கள் பஸ் மாறும் இடம் அது. ஒட்டியவருக்கு அது தெரிந்திருக்கிறது. 'நர்ஸ் உடனடித் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. உணவு, தங்குமிடம் இலவசம்.' நர்ஸிங் கவுன்சில் பதிவு கைக்கு வந்த புதிது. போன இடத்திலெல்லாம் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னது பெரிய மனசாகப் பட்டது. "வயசானவங்களப் பாக்கறது புண்ணியம் பாப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா துறையூர் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அனுபவம் ஏன் தேவைப்படவில்லை என்பது இப்போது புரிகிறது. அனுபவம் உள்ளவள் முதல் நாளே கேள்வி கேட்பாள்.

இன்டர்வியூவில் நீங்கள் கேட்டவை நினைவிருக்கிறதா? ஊர் எது, கல்யாணம் எப்போது, ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டுவந்திருக்கிறாயா. பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொண்டதுண்டா என்று கேட்கவில்லை. இன்சுலின் போட்டுப் பழக்கமா என்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே வெள்ளை யூனிபாரம், மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மருந்து அலமாரிச் சாவி. பகல் சிஸ்டர் கிளம்புகிற அவசரத்தில் நோட்டைக் கையில் திணித்தார். அதுதான் ஹேண்ட் ஓவர். ஒரு வாரமாவது கூட ஆள் வேண்டும் என்று கேட்டதற்கு, "சிஸ்டருக்குப் படிச்சிட்டு வந்திருக்கே, இது தெரியாதா?" என்றீர்கள்.

நான் படித்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏ.என்.எம்., பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம். கர்ப்பிணிக்கு எத்தனை இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன செய்யவேண்டும், குழந்தைக்கு எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி, அதை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் எப்படி வைத்துக் காப்பது: தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்று அமைகிற துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கப்போகும் கிராம சுகாதாரச் செவிலியருக்காக வகுத்த பாடம் அது. அந்த அக்காவும் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பார். ஆனால் அவருக்கு மேலே பகுதி சுகாதாரச் செவிலியர், அதற்கும் மேலே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் என்று ஒரு வரிசை இருக்கிறது. பிறப்பைப் பார்த்துக்கொள்ளப் படித்தவளை நீங்கள் மறு கோடியில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அதில்கூட எனக்கு வருத்தமில்லை, கற்றுக்கொண்டுவிடலாம். யாரிடம் கற்றுக்கொள்வது?

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது ராத்திரி ஆயாம்மா. மூக்கில் டியூப் போட்டவருக்குக் கஞ்சி விடும்முன் தலைமாட்டை உயர்த்தவேண்டும், விட்ட பிறகும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் அங்கே புண் வரப்போகிறது. இத்தனையும் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்காதவை. அதே சமயம், டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா, நுரையீரல் பக்கம் நழுவிவிட்டதா என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குப் பாடத்தில் வந்தது கைக்கு வரவில்லை, அவர் கைக்கு வந்தது பாடத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டிய சீனியர் சிஸ்டரின் சம்பளத்தைத்தான் நீங்கள் மிச்சம் பிடித்தீர்கள்.

கணக்கில் நீங்கள் கெட்டி. அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். இல்லத்தில் 22 பேர். அதில் 8 பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எல்லா நர்ஸுக்கும் சொல்லித்தரும் பாடம். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை ஆளுக்கு ஆறு தடவை, ஆக 48 தடவை. ஒருவரைத் திருப்பி, டயபர் மாற்றி, துடைத்து, விரிப்பைச் சுருக்கம் எடுத்துவிட இரண்டு பேருக்குப் பத்து நிமிஷம் ஆகும். மொத்தம் 480 நிமிஷம், அதாவது 8 மணி நேரம். இருப்பதே நானும் ஆயாம்மாவும்தான். மீதி நாலு மணி நேரத்தில் 22 பேருக்கும் மாத்திரை, பிரஷர், சுகர், பாத்ரூம் போக எழுந்து விழப்போகிறவரைப் பிடிப்பது, 'ஆத்துக்குப் போகணும், கதவைத் தொறடி' என்று விடியவிடியக் கேட்கும் மறதி நோய்க்கார மாமியோடு பேசுவது, நோட்டு எழுதுவது. நடுவில், அமெரிக்காவில் பகல் என்பதால் அங்கிருக்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் வீடியோ கால். நாங்கள் சாப்பிடுவதையும் உட்காருவதையும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த நிலையில் ஒரு தாத்தாவுக்கு இடுப்பில் புண் வந்ததும், "ராத்திரி தூங்குறீங்களா?" என்று எங்களைக் கேட்டீர்கள்.

இன்னொரு ராத்திரியைப் பற்றியும் சொல்லவேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு பாட்டிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் சுகர் 52. விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பார்த்தேன், ஏறியது. வாரம் ஒரு தடவை வரும் டாக்டர் போனை எடுக்கவில்லை. உங்களை எழுப்பி 108-ஐக் கூப்பிடவா என்றேன். "நம்ம வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா பேர் கெட்டுடும், காலையில பாக்கலாம்" என்றீர்கள். பாட்டி பிழைத்தார், சரி. விடிந்ததும் நோட்டில் 'இரவு நன்றாகத் தூங்கினார்' என்று எழுதச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பாட்டி சாப்பாடு இறங்காமல் கிடந்த அன்றும் இன்சுலின் பழைய அளவிலேயே போனதால்தான் அப்படி ஆனது. நடந்தது நோட்டில் இருந்தால்தானே அடுத்த சிஸ்டர் அளவைக் கேட்டுவிட்டு ஊசியை எடுப்பாள்? நான் நடந்ததையே எழுதினேன். அந்த மாதம் சம்பளத்தில் 'லேட்' என்று ஒரு பிடித்தம் இருந்தது. தற்செயலாக இருக்கலாம்.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது என்று தேடிப் பார்த்தேன். மருத்துவமனை, கிளினிக் என்றால் தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997-இல் வந்த சட்டம் இருக்கிறது, 2018-இல் அதற்கு விதிகளும் வந்தன. முதியோர் இல்லம் என்றால் 2007-ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, ஆதரவற்ற முதியவர்களுக்கு அரசு இல்லம் அமைக்கலாம் என்று அது சொல்கிறது. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, டியூபோடும் யூரின் பேகோடும் கிடப்பவர்களை வைத்திருக்கும் இடத்தில் ராத்திரிக்கு எத்தனை நர்ஸ் என்று அதில் பேச்சே இல்லை. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் பதிவும் கேட்டு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே போனது. உங்களுக்கு அது வசதி. ஆஸ்பத்திரி விதி என்று யாராவது கேட்டால் 'இது வீடுங்க' என்கிறீர்கள். வீடு மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் தயங்கினால் '24 மணி நேர நர்ஸிங் கேர்' போர்டைக் காட்டுகிறீர்கள்.

சம்பள விஷயத்திலும் அதே கதைதான். தனியார் நர்ஸ்களின் சம்பளம் குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்தது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2018 ஏப்ரலில் அதை அரசாணையாகவே வாங்கினார்கள். நான் இதைச் சொன்னபோது, "கவர்மென்டே 2015-ல 7,700-க்குத்தான் நர்ஸ் எடுத்தாங்க" என்று மடக்கினீர்கள். உண்மைதான். அந்த நர்ஸ்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்து போராடியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் இல்லத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இருக்கும் அமெரிக்காவில் என்னைப் போன்றவர்களுக்கு எல்.பி.என். என்று பெயர். ஆர்.என். எனப்படும் கூடுதல் படிப்புள்ள நர்ஸ் அல்லது டாக்டரின் மேற்பார்வையில்தான் அவர்களுக்கு வேலை. ஒரு நாளில் 8 மணி நேரமாவது ஆர்.என். இல்லத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே பழைய விதி. அதை 24 மணி நேரமாக்கி, ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு என்று 2024-இல் ஓர் ஆணை போட்டார்கள். இல்லம் நடத்துகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2025-இல் டெக்சாஸில் ஒரு நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். கட்டுப்படியாகாது என்ற பாட்டை அங்கேயும்தான் பாடுகிறார்கள். ஆனாலும் அந்த எட்டு மணி நேரமாவது அங்கே மிச்சமிருக்கிறது.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, அக்கா அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "நர்ஸ் குவாலிஃபைடுதானே?" என்று நீங்கள் போனில் கேட்கும்போது நிர்வாகி எங்கள் யூனிபாரத்தைக் காட்டுவார். கவுன்சில் பதிவே கிடைக்காத ஒரு வருட சர்டிபிகேட் கோர்ஸ் முடித்த தங்கைகளுக்கும் அதே யூனிபாரம்தான். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களையும் ஏமாற்றித்தான் ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் பதிவு எண்ணைக் கேளுங்கள். ராத்திரி எத்தனை பேர், போன மாதம் எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், 108-ஐக் கூப்பிட யாரைக் கேட்கவேண்டும் என்று கேளுங்கள். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று அரசின் மதிப்பீடே சொல்கிறது. இந்தத் தொழில் இனி வளரத்தான் போகிறது. கேட்காமல் பணம் கட்டுகிறவர்கள் இருக்கும்வரை இப்படித்தான் வளரும்.

ஐயா, சத்திரத்துக்குப் பின்னால் நாங்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் உங்களைப் போன்ற நாலைந்து இல்லங்களின் சிஸ்டர்கள் இருக்கிறோம். காலையில் டூட்டி முடித்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையில் நின்று பேசிக்கொள்வோம். எல்லோர் கதையும் ஒன்றாக இருக்கிறது. எல்லோருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டும் யாரோ ஒருவருடைய பீரோவில் இருக்கிறது. 'நடுவில் ஓடிவிடுவீர்கள்' என்கிறீர்கள். ஓடுகிறவர்கள் எதனால் ஓடுகிறார்கள் என்று ஒருநாளாவது ராத்திரி வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? புதிதாக வருகிறவளோடு முதல் மாதம் ஜி.என்.எம். நர்ஸிங் படிப்பு முடித்த ஒரு சீனியரை ராத்திரியில் போடுங்கள். அதற்குப் பிறகும் 22 பேருக்கு இரண்டு நர்ஸ் வேண்டும். 108-ஐ நான் யாரையும் கேட்காமல் கூப்பிடுவேன், அதை எழுத்தில் கொடுங்கள். சர்டிபிகேட்டின் நகலை வைத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பித் தாருங்கள். சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம்.

இன்றைக்கும் எனக்குத்தான் ராத்திரி டூட்டி. நாலாம் நம்பர் கட்டில் பாட்டிக்கு இன்சுலின் அளவை மாற்றச் சொல்லி டாக்டர் போனில் சொன்னதாக நேற்று சொன்னீர்கள். நோட்டில் அவர் கையெழுத்து இல்லை. எட்டு மணிக்குள் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் அந்த ஊசியைப் போடமாட்டேன். சுகரைப் பார்த்துவிட்டு நானே டாக்டரைக் கூப்பிடுவேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன், எடுத்தாரா இல்லையா என்பதையும் நோட்டில் எழுதிவிடுவேன்.

இப்படிக்கு,
ராத்திரி டூட்டி சிஸ்டர்