மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் நாள் ஒரு நெல்மணி, மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் நான்கு என்று தினம் இரட்டிப்பாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்தில் 127 மணிகள்தான் சேர்ந்திருக்கும். 'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் 67 நாள் விடாமல் போட்டுவிட்டீர்களானால், உலகத்துக் களஞ்சியங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் இடம் போதாது! மொத்தம் 14,75,73,95,25,89,67,64,12,927 மணிகள்.

இந்த 21 இலக்க எண்ணுக்கு ஒரு கதை உண்டு. அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். பதினைந்து லட்டுகளைத் தாம்பாளத்தில் வரிசைக்கு ஐந்தாக, மூன்று வரிசை அடுக்கலாம். பதின்மூன்று லட்டுகளானால் ஒரே நீள வரிசைதான். சமமாகப் பிரியவே பிரியாது. இப்படிப் பிடிவாதம் பிடிப்பவை பகா எண்கள்.

நமது பெரிய எண்ணும் பகா எண்தான் என்று 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதிவைத்தார். இருநூறு வருஷங்களுக்கு மேல் அது அப்படியே நின்றது. 1876-ல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித நிபுணர், "இல்லை, இது பிரியும்" என்று நிரூபித்தார். எந்த எண்களாகப் பிரியும்? அதை அவருடைய முறை காட்டவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருப்பது தெரிந்துவிட்டது. எத்தனை ஆழாக்கு என்பதுதான் தெரியவில்லை!

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் இரண்டை 67 தடவை பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தார். பிறகு பக்கத்தில் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே! வாய் திறவாமலே போய் உட்கார்ந்தார். சபையில் கரகோஷம் எழுந்தது என்று சொல்லுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று பிற்பாடு கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

உளுந்தையும் கடுகையும் கலந்து கொட்ட ஒரு நொடி போதும். பொறுக்கிப் பிரிக்க ஒரு பொழுது வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? எண்களும் அப்படித்தான். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். ஆனால் பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கொடுத்தால் அதுவும் திணறிப்போகிறது. அந்தத் திணறலையே பூட்டாக்கி, 1977-ல் அமெரிக்காவில் மூவர் ஒரு ரகசிய முறை கண்டார்கள். ரகசியச் செய்திகளைக் காக்க அது இன்றும் உதவுகிறது.

நீங்களும் ஒரு கை பார்க்கலாமே! பதினோரு நாள் நெல்மணி போட்டால் மொத்தம் 2,047. அது இரண்டு எண்களாகப் பிரியும். எவை அவை? மூன்று வருஷம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.