2030-ல குறிஞ்சி பூக்கும்; அதுக்குள்ள பூரணியைத் திரையில பாத்துடலாமா?

போன மாசம் கேண்டீன்ல ஒரு சண்டை. ‘பொன்னியின் செல்வன்’ ரெண்டு பாகமும் வந்தாச்சு, அடுத்து எந்த நாவலைத் திரைக்குக் கொண்டு வரலாம்னு பேச்சு. ஒருத்தன் ‘சிவகாமியின் சபதம்’னான். இன்னொருத்தி ‘கடல் புறா’ன்னா. எல்லாமே ராஜா, குதிரை, கப்பல். நான் மட்டும் “குறிஞ்சி மலர்”னு சொன்னேன். டேபிளே அமைதியாயிடுச்சு.

“அது என்ன, தாவரவியல் புக்கா?”

சிரிச்சுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் வலிச்சது. ஏன்னா அந்தக் கதையோட நாயகி பூரணி வாழுற ஊர் திருப்பரங்குன்றம். நம்மள்ல பாதிப் பேர் தினமும் பஸ்ல அந்த மலையைப் பாத்துக்கிட்டேதான் காலேஜுக்கு வர்றோம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ங்கிற புனைபெயர்ல கல்கி இதழ்ல தொடரா எழுதின நாவல் இது. காலம் 1960-ஐ ஒட்டி. தமிழ்ப் பேராசிரியரான அப்பா இறந்துபோக, தம்பி தங்கைகளைக் காப்பாத்துற பொறுப்பு பூரணி தலையில விழுது. மதுரையில ஒரு அச்சகத்துல வேலை பாக்குற அரவிந்தன், கவிதை எழுதுறவன், ஊருக்கு நல்லது செய்யணும்னு துடிக்கிறவன். ரெண்டு பேருக்கும் காதல். ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கிட்டதை விட, ஒருத்தரை ஒருத்தர் மதிச்சதைச் சொல்ற காதல். அந்தக் காலத்துல பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணின்னு பேர் வைக்கிற அளவுக்கு வாசகர்கள் உருகியிருக்காங்க.

இது ஏற்கெனவே டிவியில வந்ததுதான். 1990-ஐ ஒட்டி தூர்தர்ஷன்ல தொடரா வந்துச்சு. அரவிந்தனா நடிச்சவர், பின்னாளில் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின். குவிஸ்ல கேக்குற கேள்வியா இன்னைக்கு அது மிஞ்சி நிக்குது. நா.பா. 1987-லயே இறந்துட்டார்; தன் பூரணியை அவர் சின்னத்திரையில பாக்கல. இப்ப மறுபடி எடுக்கணும்னு நான் சொல்றேன். இந்தத் தடவை முழு பீரியட் டிராமாவா, 1960 மதுரையை 1960 மதுரையாவே காட்டி.

ஏன் மதுரைன்னு அழுத்திச் சொல்றேன்? சினிமாவுல நம்ம ஊர் எப்படி வருது, யோசிச்சுப் பாருங்க. அருவா, சுமோ, கோயில் கோபுரத்தோட டாப் ஆங்கிள், உடனே துரத்தல். வெளியூர் ஃப்ரெண்டு கேக்குற முதல் கேள்வியே “உங்க ஊர்ல எல்லாரும் முதுகுல அருவா சொருகியிருப்பாங்களா?”தான். ‘சுப்ரமணியபுரம்’ 2008-ல வந்து 1980 மதுரையை அவ்வளவு அழகா கட்டி எழுப்பிக் காட்டுச்சு. நம்ம ஊரை பீரியட் படமா எடுக்க முடியும்னு நிரூபிச்ச படம் அது. ஆனா அந்த அழகும் கடைசியில கத்தியிலதான் போய் முடிஞ்சுது.

‘குறிஞ்சி மலர்’ காட்டுற மதுரை வேற. அச்சகத்துல வேலை பாக்குறவன், தையல்கடை வெச்சிருக்கிற தோழன் முருகானந்தம், மேடையேறித் தமிழ் பேசுற ஒரு இளம்பெண், அதைக் கேக்கக் கூடுற பெண்கள். இப்படியும் ஒரு மதுரை இருந்துச்சு. அதுவும் நம்ம ஊர்தான். அதைத் திரையில பாக்குற உரிமை நமக்கும் இருக்கு.

சரி, பீரியட் டிராமான்னா என்ன? நம்ம சேனல்கள் நினைக்கிறது: ரெட்டைச் சடை, கனகாம்பரம், ஒரு பழைய அம்பாசடர், கொஞ்சம் மஞ்சள் கலர் ஃபில்டர். முடிஞ்சுது வேலை. இன்ஜினியரிங் பசங்க நாம இதுல கொஞ்சம் கறாரா இருக்கலாம்.

முதல்ல கடைப் பலகைகள். ‘லை’, ‘னை’, ‘ணை’ எல்லாம் இன்னைக்கு எழுதுற மாதிரி ஆனது 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு அப்புறம்தான். 1960 மதுரையில ஒரு போர்டுல இன்னைய ‘லை’ தெரிஞ்சா, அது ராஜா கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டின மாதிரி. அடுத்தது காசு. 1957 ஏப்ரல்லதான் தசம நாணயம் வந்துச்சு. கடைக்காரங்க அணாவையும் நயா பைசாவையும் மனசுக்குள்ள மாத்தி மாத்திக் கணக்குப் போட்ட வருஷங்கள் அவை. தெருவுல டி.வி.எஸ். டவுன் பஸ் ஓடணும். சுவத்துல ‘நாடோடி மன்னன்’ போஸ்டர் பாதி கிழிஞ்சு தொங்கலாம். 1952-ல ‘பராசக்தி’யோட தொடங்கின தங்கம் தியேட்டர் இன்னைக்கு இல்ல, அதை கிராஃபிக்ஸ்ல எழுப்பணும். ஏன், 1957-ல ஆரம்பிச்ச தியாகராசர் பொறியியல் கல்லூரியும் அந்தத் திருப்பரங்குன்றத்துலதானே இருக்கு? பூரணி நடந்து போற ரோட்டுல, டி ஸ்கொயரைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நம்ம சூப்பர் சீனியர் ஒருத்தர் எதிர்ல வந்துட்டுப் போகட்டும்!

அப்புறம் அந்த அச்சகம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஈய எழுத்துகளை ஒண்ணொண்ணா அறைப்பெட்டியிலிருந்து பொறுக்கி, தலைகீழாவும் வலது இடமாவும் வாசிச்சு, வரி வரியா கோக்கணும். ஒரு எழுத்து தப்பினா புரூஃப் எடுத்துத் திருத்தி மறுபடி ஓட்டணும். அந்த மையும் சத்தமும் சூழ்ந்த அறையில நின்னுக்கிட்டு ஒருத்தன் காதலிக்கிறான். கிடைச்ச துண்டுத் தாள்ல கவிதை எழுதுறான். இந்த வேலையை ஒழுங்கா ரெண்டு நிமிஷம் காட்டினா போதும், அரவிந்தன் யாருன்னு வசனமே இல்லாம புரிஞ்சுடும்.

இங்க ஒரு எதிர்ப்பு வரும். கேண்டீன்லயும் வந்துச்சு. “அரவிந்தன் ரொம்ப நல்லவன்டி. இப்ப எடுத்தா கிரிஞ்சா இருக்கும். கொஞ்சம் ரஃப்பா, தாடி வெச்சு, கோவக்காரனா மாத்திடணும்.”

வேண்டாம். நல்லவன் போரடிக்கிறது, அவன் நல்லவன்னு மத்தவங்க வாயால சொல்லிக்கிட்டே இருக்கும்போதுதான். நாள் முழுக்க நின்னு கால் வலிக்க, விரல்ல மை போகாம, சம்பளத்துல பாதியை யாருக்கோ குடுத்துட்டு டீக்கடையில கடன் சொல்றவனா காட்டுங்க, யாருக்கும் போரடிக்காது. ஜேன் ஆஸ்டின் 1813-ல எழுதின ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995-ல ஆறு எபிசோடா எடுத்தப்போ, டார்சி குளத்துல குதிச்சு நனைஞ்ச சட்டையோட வர்ற சீனைச் சேத்தாங்க. நாவல்ல அது கிடையாது. ஆனா டார்சியோட குணத்தை அவங்க மாத்தல. நாவல் சொல்லாம விட்ட ஒரு தவிப்பை மட்டும் கண்ணுக்குக் காட்டினாங்க. தழுவல்னா எனக்கு அதுதான் அளவுகோல். எழுதாம விட்டதைச் சேத்துக்கலாம். எழுதினதைத் திருப்பிப் போடக் கூடாது.

ஆஸ்டின்கிட்ட இன்னொரு பாடமும் இருக்கு. யாருக்கு வருஷ வருமானம் எவ்வளவுன்னு அந்தம்மா பச்சையா எழுதிடுவாங்க. காதல் கதைக்கு நடுவுல காசு எப்பவும் தெரியும். நம்ம சீரியல்கள்ல யாருக்கும் வாடகை கிடையாது, அரிசி தீர்றதும் கிடையாது. ஆனா பூரணியோட கதையே அப்பா போன மறுமாசம் வீட்டை எப்படி ஓட்டுறதுங்கிற கேள்வியில தொடங்குது. அந்தப் பசியை மறைச்சுட்டா காதலும் பொய்யாயிடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். முடிவு தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவங்க அடுத்த நாலு பத்தியைத் தாண்டிடுங்க.

கல்யாணம் நடக்குறதுக்கு முன்னாலயே அரவிந்தன் இறந்துடுறான். பூரணி கடைசிவரை அவன் நினைவோட, தனியா வாழுறா. அந்த வாழ்க்கையைக் குறிஞ்சிப் பூ மாதிரி அபூர்வமானதுன்னு உயர்த்தி வெச்சு நாவல் முடியுது. இதை மாத்திடலாமா? அரவிந்தனைப் பிழைக்க வெச்சுடலாமா? இல்ல, பூரணிக்கு வேற வாழ்க்கை அமைச்சுக் குடுத்துடலாமா? ரொம்ப நாள் நானும் ரெண்டாவது கட்சிதான்.

என் அத்தை பேர் பூரணி. அப்பத்தா கல்கி வாசகி. நாவலைப் படிச்சுட்டு வெச்ச பேர். தாத்தா இறந்தப்போ அத்தை பிளஸ் டூ. ஒரு ஜவுளிக் கடையில வேலைக்குப் போய், எங்கப்பாவையும் சித்தப்பாவையும் படிக்க வெச்சாங்க. கல்யாணம் பண்ணிக்கல. சொந்தக்காரங்க எல்லாரும் “பேருக்கேத்த புள்ள”ம்பாங்க. நானும் அதைப் பெருமையாத்தான் நினைச்சிருந்தேன். இந்தக் கட்டுரைக்காக அத்தைகிட்டப் பேசினப்போ சொன்னாங்க: “பேரை வெச்சுட்டு எல்லாரும் கும்பிட்டாங்க பாப்பா. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல.”

தூர்தர்ஷன்ல தொடர் வந்தப்போ பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்காங்க. கடைசி வாரம் மட்டும் போகலையாம். ஏன்னு கேட்டேன். “முடிவுதான் தெரியுமே. அரவிந்தன் செத்த மறுநாள் காலையில பூரணி என்ன சமைச்சா, எப்படி வேலைக்குப் போனா, அதைக் காட்டுவாங்கன்னா போயிருப்பேன். அதை யாரு காட்டப் போறா?”

இதுக்கு அப்புறம் என் கட்சி மாறிடுச்சு. முடிவை மாத்த வேண்டாம். கேமரா நிக்கிற இடத்தை மாத்துங்க. அரவிந்தன் சாவுல இசையை ஏத்தி ‘வணக்கம்’ போடாம, இன்னொரு எபிசோடு எடுங்க. மறுநாள் காலை. தம்பி தங்கைகளோட பசி. மேடையில பேசக் கூப்பிட்ட கடிதத்துக்குப் பதில். ஊரே அவளைத் தெய்வமாக்கிட்டு வீட்டுக்குப் போயிடுது. அவ அடுப்பு முன்னால உக்காந்திருக்கா. அந்தத் தனிமை அவளோட தேர்வா, இல்ல ஊர் குடுத்த தண்டனையா? பதில் சொல்ல வேண்டாம், பாக்குறவங்களைக் கேக்க வையுங்க. 1960-ல எழுதின கதையை இன்னைக்கு எடுக்குறதுக்கு இதை விட வேற காரணம் எனக்குத் தெரியல. நாவலுக்கு இது துரோகம் இல்ல. பூரணியை அவ்வளவு உண்மையா எழுதினதாலதான் அத்தைக்கு அந்தக் கேள்வியே வந்துச்சு.

மொழி ஒரு சிக்கல். நாவல்ல எல்லாரும் செந்தமிழ்ல பேசுவாங்க. அப்படியே வெச்சா நாடகம் மாதிரி இருக்கும். முழுசா மாத்திட்டா நா.பா.வே காணாமப் போயிடுவார். நான் சொல்ற வழி: மேடையில பூரணி செந்தமிழ், அடுப்படியில மதுரைத் தமிழ். அரவிந்தன் எழுதும்போது ஒரு தமிழ், டீக்கடையில இன்னொரு தமிழ். அன்னைக்கு மேடைப் பேச்சு கேட்டு வளந்தவங்க அப்படித்தான் ரெண்டு தமிழ்லயும் வாழ்ந்தாங்க. நாமளும் செமினார்ல ஒண்ணு, ஹாஸ்டல்ல ஒண்ணுன்னுதானே பேசுறோம்?

செலவு? இதுக்குப் படை, கோட்டை, ஆயிரம் குதிரை எதுவும் வேண்டாம். ஒரு அச்சகம், திருப்பரங்குன்றத்துல ஒரு ஓட்டு வீடு, நாலு தெரு. புது மண்டபத்துக் கடைகளையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டதால, தூண்களுக்கு நடுவுல தையல் மெஷின் ஓடின அந்தக் காலத்தை செட் போட்டாவது பதிவு பண்ணியாகணும். நா.பா. எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால உரிமை வாங்குற தலைவலியும் இல்ல. ஒரே ஒரு நிபந்தனை: பத்துப் பன்னிரண்டு எபிசோடு. ஆயிரம் எபிசோடுக்கு இழுத்தா பூரணிக்கு ஒரு வில்லி மாமியார் முளைச்சுடுவாங்க.

கடைசியா ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை. கொடைக்கானல்ல 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு. அடுத்தது 2030. பின்னால எண்ணிக்கிட்டே போனா 1958-ல வந்து நிக்கும், கிட்டத்தட்ட கதை நடக்குற காலம். கொடைக்கானல் காட்சியை கிராஃபிக்ஸ் இல்லாம நிஜப் பூவோட எடுக்கணும்னா, இன்னைக்கு ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கிற பசங்க டிகிரி முடிச்சு வெளிய வந்து கேமராவைத் தூக்குற நேரம் சரியா அமையும். விஸ்காம் மட்டும்தான் படம் எடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல.

அதுவரைக்கும் நாவலைப் படிங்க. லைப்ரரியில தமிழ் அலமாரியோட கீழ்த்தட்டுல ஒரு பிரதி இருக்கு. படிச்சுட்டு, உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு பூரணி இருந்தா, என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: “கொடைக்கானல் போகணும் பாப்பா. அந்தப் பூவை நான் இன்னும் பாத்ததே இல்ல.”

2030-க்கு ரெண்டு டிக்கெட் போடணும்.