வீட்டுத் தோட்டம்: குடிலைக் கழுவிய பின் கன்றினை நடுக

தைப்பொங்கலன்று முற்றத்தைக் கூட்டி மெழுகிக் கோலமிட்ட பின்னரன்றோ புதுப்பானையை அடுப்பிலேற்றுகின்றோம்! பசுமைக்குடிலில் மாத்திரம் பலர் இவ்வொழுங்கை மறந்துவிடுகின்றனர். பழைய தக்காளியைப் பிடுங்கிய மறுநாளே புதுக் கன்றை நடுகின்றனர். பொலித்தீன் கூரை மழையைத் தடுக்கும். வலை பூச்சியைத் தடுக்கும். உள்ளே முன்னரே குடியேறிவிட்ட நோயை இவை தடுக்கமாட்டா. வெப்பமும் ஈரமும் நிறைந்த இடமாதலின் அது அங்கே விரைந்து பரவும்.

இதனை யாம் நட்டப்பட்டே கற்றோம். ஒருமுறை, குடிலைக் கூட்டாமலே கிருமிநாசினியைத் தெளித்துவிட்டுச் சுத்தமாயிற்றென்று நம்பியிருந்தோம். கன்றுகள் ஒரு முழம் உயருமுன்னரே இலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்தது. கன்றுக்கும் பசளைக்கும் கொடுத்த பணம் மண்ணாயிற்று. பழைய கொடிகளின் துணுக்குகள் கயிறுகளில் அப்படியே ஒட்டியிருந்ததைப் பின்னரே கண்டோம்.

மருந்து ஏன் பலிக்கவில்லை? வெளிற்றுந் திரவத்திலுள்ள குளோரீன், அழுக்கென்றும் கிருமியென்றும் பேதம் பாராது. சருகு, பாசி, மண் ஆகியவற்றோடு தாக்கம் புரிந்தே தன் வலுவை இழந்துவிடும். ஆகவே முதலில் விளக்குமாறு, அடுத்துச் சவர்க்காரம், ஈற்றிலேயே மருந்து. இவ்வொழுங்கை மாற்றலாகாது.

செடிகளை வேரோடு பிடுங்கி, குடிலுக்கு அப்பால் எரித்துவிடுக. களைகளையும் விட்டுவைத்தல் கூடாது. வெண்ணீக்கள் அவற்றில் ஒதுங்கி அடுத்த பயிருக்குக் காத்திருக்கும். பழைய கயிறுகளைக் கழற்றி எறிக. பின்னர், கூரை தொடங்கித் தரை ஈறாக, மேலிருந்து கீழாகச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுக.

இனி மருந்து. 5 வீத சோடியம் ஐப்போகுளோரைற்று உள்ள வெளிற்றுந் திரவம் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் 0.5 வீதக் கரைசல் கிடைக்கும். கழிகள், தட்டுகள், கத்தி யாவும் அதில் 10 நிமிடமாவது நனைந்திருத்தல் வேண்டும். பின்பு நல்ல நீரால் அலசுக. இன்றேல் உலோகத்தை அரித்துவிடும். கரைசலை அன்றன்றே கலந்துகொள்க. அமிலத்தோடோ அமோனியாவோடோ ஒருபோதும் சேர்க்கற்க, நச்சுவாயு எழும். கையுறை அணிந்து, கதவைத் திறந்துவைத்து, சிறுவரை அப்புறப்படுத்திய பின்னரே தொடங்குக.

மண்ணில் நேரே நடுவோர், கோடையில் நிலத்தை நன்கு நனைத்து, நிறமற்ற பொலித்தீனால் 4 முதல் 6 வாரம் மூடிவைக்கலாம். சூரிய வெப்பமே மண்ணிலுள்ள பல பங்கசுக்களைக் கொன்றுவிடும்.

மாணவர்க்கு ஒரு செய்தி. தேமல் நோயை விளைக்கும் புகையிலைச் சித்திரவடிவ வைரசே, முதன்முதல் ஆராய்ந்தறியப்பட்ட வைரசாகும். நோயுற்ற புகையிலையின் சாறு, பற்றீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைக் கடந்த பின்னரும் நோயை உண்டாக்குவதை 1892இல் ரசிய அறிஞர் இவனோவ்சுக்கி கண்டார். அமெரிக்கரான சுடான்லி 1935இல் அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். இவ்வைரசு உலர்ந்த இலையிலும் பல்லாண்டு அழியாதிருக்கும். சுருட்டிலும் சிகரட்டிலும் இருக்கக்கூடும். ஆதலின் புகைபிடிப்போர் சவர்க்காரமிட்டுக் கைகழுவாது கன்றைத் தொடலாகாது. வீட்டுப் பெரியவர்க்கும் இவ்விதி பொருந்தும்!

இரண்டு நாள் உழைப்பு இது. அதற்குச் சோம்பினால், ஒரு போகத்து உழைப்பையே இழக்க நேரிடும்.